எள் கூட்டல் நெய்

எங்கள் மேல்வீட்டுச் சமையலறையில், அடுப்பு மேடைக்கு மேலே உள்ள அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த பாதித் தாள். ஒட்டிய டேப் மஞ்சளாகிவிட்டது. நீல மையில் 'எள் + நெய் = எண்ணெய்' என்று எழுதியிருக்கிறது. ணகரத்தின் சுழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டிருப்பது தெரியும். ஓரிடத்தில் ஒரு சுழி கூடிப்போய், அடித்துத் திருத்தியுமிருக்கிறது. போன வாரம், புதிதாகக் குடிவருகிறவர்களுக்காக வீட்டைக் கழுவிவிடப் போனபோதுதான் அந்தக் கதவைத் திறந்தேன். கையிலிருந்த துணி சொட்டச் சொட்ட அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

எழுதியவர் மேல்வீட்டம்மா. பிரேசில் நாட்டுக்காரர். அவருடைய கணவருக்குக் காற்றாலைக் கம்பெனியில் வேலை; வாரத்தில் நான்கு நாள் பல்லடம், உடுமலை என்று காற்றாடிகளின் கீழேயே கிடப்பார். ஐந்து வயதில் ஒரு மகள். பீளமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருடம் இருந்தார்கள். ஆங்கிலம் அந்த அம்மாவுக்கும் இரவல், எனக்கும் இரவல் என்பதால் சரிசமமாகத் தடுமாறினோம். காய்க்காரரிடமும் கேஸ்காரரிடமும் தானே பேச வேண்டும் என்று ஒருநாள் தமிழ் கேட்டு வந்தார். நான் பள்ளியில் தமிழாசிரியை. இருபது வருடமாகப் பாடம் நடத்தி, தானாக வந்து தமிழ் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால், செவ்வாயும் வெள்ளியும் மாலையில் மாடியேறிப் போக எனக்குக் காலே வலித்ததில்லை.

அவருக்கு ஊர் ஏக்கம் வயிற்றில்தான் வந்தது. அவர்கள் பக்கத்தில் சனிக்கிழமை என்றால் கறுப்புப் பயறு வேகவேண்டுமாம். இங்கே அது அகப்படவில்லை. தட்டைப்பயறை வேகவைத்துப் பூண்டு தாளித்துக் கொட்டிவிட்டு, நிறம் போதவில்லை என்று குக்கரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஆனால் எங்கள் குச்சிக்கிழங்குதான், மரவள்ளிதான், அவர்கள் ஊரிலும் உயிர் என்று தெரிந்த அன்றைக்கு என் மாமியாருக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அத்தை எங்கிருந்தோ கிழங்கு மாவு வரவழைத்துக் கொடுத்தார். மேலே அது பாலாடைக்கட்டியோடு பிசைந்து எலுமிச்சங்காய் அளவு உருண்டைகளாக ஓவனில் வெந்து, கீழே சூடாக வந்தது. போசி என்று நாங்கள் சொல்லும் தூக்குப் பாத்திரத்தை எங்கள் பக்கம் யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். அத்தை இடியாப்பம் மாதிரியான சந்தகை அனுப்புவார், உருண்டை வரும். உருண்டைக்கு ஈடாக அரிசிம்பருப்புச் சோறு போகும். அப்போது இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது, அந்தப் போசி ஒன்றுதான்.

அந்தக் குழந்தைக்குக் கடலை ஆகாது. கொஞ்சம் ஒத்துக்கொள்ளாது என்ற கதை இல்லை. தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். குடிவந்த முதல் நாளே அந்த அம்மா செல்போனில் 'வேர்க்கடலை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு கீழே வந்தார்.

"வேர்க்கடலையா? அதென்னுங்க?" என்றார் அத்தை.

"நம்ம கடலைக்காய்தானுங்கத்தை" என்றேன்.

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. வெள்ளகோவிலில் அவருடைய அண்ணன் தோட்டத்துக் கடலை எங்கள் வீட்டில் மூட்டையாகக் கிடக்கும். அன்றைக்கே மூட்டைகளைப் பின்பக்க அறைக்குத் தள்ளிப் பூட்டினார். சட்னியில் கடலையை நிறுத்தினார். குழந்தையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவினார். இவ்வளவும் யாரும் சொல்லாமல் அவராகச் செய்தவை. இதை நான் எழுதியே ஆகவேண்டும்.

இனி என் பங்கு. தமிழாசிரியைக்கு ஒரு வியாதி உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா, சமையலறைச் சொற்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், எண்ணெயில் வந்து நின்றார். நான் விட்டேனா? எள்ளிலிருந்து வடித்த நெய்தான் எண்ணெய், எள்ளும் நெய்யும் புணர்ந்தால் ளகரம் ணகரமாகும் என்று பலகை இல்லாத குறையாக நடத்தினேன். அவர் கண் விரிந்தது. எள் தன் மகளுக்கு ஒன்றும் செய்யாது, ஊரிலேயே மருத்துவர் சோதித்துச் சொன்னார் என்றார். எழுதிக்கொண்டார். நான் பெருமையோடு படியிறங்கி வந்தேன்.

எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் என்ன என்பதைச் சொல்ல மறந்துபோனேன். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அது எனக்குத் தோன்றவே இல்லை. எள்ளில் ஆட்டியதற்கு நல்லெண்ணெய் என்று பெயர். தலைக்குத் தேங்காய் எண்ணெய், வயிற்றுக்கு விளக்கெண்ணெய். முன்னால் எந்தச் சொல்லும் ஒட்டாமல், வெறும் எண்ணெய் என்று நாங்கள் சொல்வது, வெள்ளகோவிலில் செக்கில் ஆட்டி டின்னில் வருகிற கடலெண்ணெய்.

ஆடி நோம்பிப் பண்டிகை அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அத்தை கச்சாயம் சுட்டார். போசியில் எடுத்துக்கொண்டு நானும் அவரும் மேலே போனோம். அந்த அம்மா ஒரு கச்சாயத்தை விண்டு பார்த்து, என்னென்ன போட்டது என்று தமிழிலேயே கேட்டார்.

"பச்சரிசி, வெல்லம், ஏலக்கா. அம்புட்டுத்தானுங்க அம்மணி" என்றார் அத்தை.

"எதில் பொரித்தீர்கள்? எண்ணெயிலா?"

எழுத்துத் தமிழ்தான், ஆனால் வேற்றுமை உருபு பிசகாத தமிழ். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

"எண்ணெய்லதானுங்க. சுத்தமான எண்ணெய்ங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "எள் கூட்டல் நெய்?" என்றார். பாடத்தை ஒப்பிக்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவர் கச்சாயத்தைக் குழந்தையின் கையில் கொடுத்தார்.

இரண்டாவது கச்சாயத்தில் பாதி போனபோது குழந்தை உதட்டைச் சொறிந்தது. அடுத்து இருமல். உதடு கண்ணெதிரே தடித்து, கன்னமெல்லாம் சிவந்து தடிப்புத் தடிப்பாக எழுந்தது. இழுக்கிற மூச்சில் விசில் சத்தம் கேட்டது. அந்த அம்மா கத்தவில்லை. உள்ளே ஓடி, ஊரிலிருந்து கொண்டுவந்த பேனா மாதிரியான ஊசியை எடுத்துவந்து, கவுனோடு சேர்த்துத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் எண்ணினார். எண் ஒவ்வொன்றும் அவ்வளவு நிதானமாக வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேல்வீட்டுக்காரர் அன்றைக்கும் உடுமலையில் இருந்ததால், என் கணவர் காரை எடுத்தார். அவிநாசி ரோட்டில் பாலம் கட்டிக்கொண்டிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமையும் வண்டி நகரவில்லை. பின்சீட்டில் குழந்தையின் தலை என் மடியில் இருந்தது. விசில் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா குழந்தையின் நெஞ்சில் கை வைத்தபடி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டது என்று கேட்டார். சொன்னோம். "என்ன எண்ணெய்ங்க?" என்றார்.

"கடலெண்ணெய்" என்றார் என் கணவர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ளகரம் ணகரமானதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தை பிழைக்கவேண்டும் என்று வேண்டினேன். அடுத்த மூச்சிலேயே, யாருக்கும் தெரியக்கூடாது என்றும் வேண்டினேன். இரண்டையும் ஒரே சாமியிடம்தான் வேண்டினேன்.

குழந்தை பிழைத்தது. சாயங்காலம் மூச்சு சீராகி, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு என் கணவர் அத்தையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, எத்தன தடவ சொன்னது, கடலை ஆகாதுன்னு?"

"கடலை போடலியே சாமி. எண்ணெயான்னு கேட்டாங்க, ஆமான்னேன்" என்ற அத்தை பாதியில் நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். நான் களைந்துகொண்டிருந்த அரிசியைப் பார்த்தேன். "ஆமா, நாந்தான் ரோசன இல்லாம செஞ்சுபோட்டேன்" என்று முடித்துக்கொண்டார்.

மேல்வீட்டுக்காரர் ஒருமுறை கீழே வந்து வாசலிலேயே நின்று, இனி சாப்பிட எதுவும் தரவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். "சரிங்க சாமி" என்றார் அத்தை. அதற்குப் பிறகு அவர் மாடிப்படி ஏறவில்லை. போசியைக் கழுவிப் பரணில் போட்டார். அக்கம்பக்கத்தில் யார் விசாரித்தாலும், "என்ற கையாலதானுங்க அந்தப் புள்ளைக்கு அப்படி ஆச்சு" என்று தானே எடுத்துச் சொன்னார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவருடைய சீர்ச் சருவச் சட்டியைக் கிணற்றில் போட்டேன், போனால் போகட்டும் என்கிற மாதிரி "போச்சாது உடு கண்ணு" என்றார். வீட்டில் பாலே பொங்கி வழிந்தாலும் அவருக்கு அது போச்சாதுதான். இந்த ஒன்றுக்கு மட்டும் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா மறுபடி என்னைப் பாடத்துக்குக் கூப்பிட்டார். எண்ணெய்களின் பெயரெல்லாம் வேண்டும் என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் பேனாவை நோட்டின் மேல் நிறுத்தி, "எண்ணெய் என்றால்? உங்கள் வீட்டில்?" என்றார். கடலை என்றேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். ஒரு சொல் கடிந்து பேசியிருந்தால் நானும் உடைந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் நோட்டை மூடி, நன்றி டீச்சர் என்றார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் புளுகவில்லை, வாயைத்தான் மூடிக்கொண்டிருந்தேன். அதனால் அது வருடக்கணக்கில் நின்றது.

மாற்றலாகி ஊருக்குக் கிளம்பிய அன்று, அந்த அம்மா எங்கள் சமையலறையில் அத்தையோடு அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். பொதுவாகப் பத்துச் சொல்கூட இல்லாத இரண்டு பேர் அவ்வளவு நேரம் என்ன பேசியிருப்பார்கள் என்று அப்போது யோசித்தேன். அத்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்து மாடிக்கு வந்த கம்பெனிக்காரர் ஒற்றை ஆள். நான்கு வருடத்தில் அவர் அந்தச் சமையலறையில் கொதிக்கவைத்தது வெந்நீர் மட்டும்தான். அலமாரிக் கதவைத் திறக்க அவருக்கு வேலை வரவில்லை.

போன வாரம் அந்தக் காகிதத்தின் முன்னால் நின்றபோது, முதலில் நகத்தால் டேப்பின் ஓரத்தைச் சுரண்டத்தான் செய்தேன். உரித்துச் சுருட்டிப் போட்டால் முடிந்தது. அப்போதுதான் கீழே இருந்த இரண்டாவது வரியைக் கவனித்தேன். வேறு பேனாவில், இன்னும் கொஞ்சம் தேறிய கையெழுத்தில், 'டீச்சர் வீட்டில் = கடலை' என்றிருந்தது. அதற்கு மேல் உரிக்கக் கை வரவில்லை. கீழே போய், "அத்தைங்க, ஒரு நிமிசம் மேல வாங்க" என்றேன்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு அத்தை அந்தப் படிகளில் ஏறினார். மூட்டுவலி; ஒவ்வொரு படிக்கும் கம்பியைப் பிடித்து நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி இரண்டு வரியையும் வாசித்தார்.

"நாந்தானுங்கத்தை இதச் சொல்லிக் குடுத்தது. அன்னிக்கு அவங்க எள்ளான்னு கேட்டப்பத் தலையாட்டுனதும் நாந்தானுங்க."

"தெரியுங் கண்ணு" என்றார் அத்தை. "போற அன்னிக்கு அந்தம்மா நம்ம டப்பால இருந்து எள்ளெடுத்து உள்ளங்கைல வெச்சு, டீச்சர் டீச்சர்னு சொல்லிச்சு. எண்ணெ டின்னக் காட்டி, இல்லை இல்லைன்னுச்சு. என்ற கையப் புடிச்சுட்டு ஒரே அழுவாச்சி."

"பின்ன ஏனுங்கத்தை எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நீயாச் சொல்லுவீன்னு இருந்தேன். மொத வருசம் தெனமும் பாத்தேன். அப்பறம் உட்டுப்போட்டேன்."

கோபமே இல்லாத குரல். காகிதத்தின் ஓரத்தில் நான் சுரண்டியிருந்த டேப்பைக் கட்டைவிரலால் திரும்ப அழுத்தி ஒட்டினார். "இருக்கட்டும், வாரவங்களுக்கு ஆகும்" என்றார். அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, கம்பியைப் பிடித்துப் படியிறங்கத் தொடங்கினார்.

நான் மேல்படியில் நின்றுகொண்டிருந்தேன். போச்சாது என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். கடைசிப் படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். "தொடச்சு முடிச்சுட்டு வா, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.