பச்சை வண்டல்

எய்ஜி தேநீர் ஊற்றினால் கடைசிச் சொட்டு விழும்வரை கெண்டியைக் கவிழ்த்தே பிடித்திருப்பார். குடித்து முடித்ததும் கோப்பையின் அடியில் தங்கிய பச்சை வண்டலைச் சுட்டுவிரலால் வழித்து நக்குவார். ஜப்பானில் அவருடைய ஊரான ககெகாவாவில் இலையை நெடுநேரம் ஆவியில் வேகவைப்பதால் அது மாவாக உதிரும். சத்தெல்லாம் அந்த மாவில்தான் என்பது, தேயிலை ஆலையில் ஆவி எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய கட்சி.

ஊரில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவர் மலத்தில் ரத்தம் கண்டுபிடித்தார்கள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"எதுக்கு? கூட்டுறவு மண்டபத்துல பேராசிரியர் படம் காட்டினாரே, தேயிலைச் சத்து பட்டதும் குடல் புற்று செல்லெல்லாம் சுருங்கிச் செத்துது!"

"அது கண்ணாடித் தட்டுலங்க. உங்க வயிறு என்ன தட்டா?" என்றாள் மனைவி ஷிகெனோ.

அவள் நச்சரிப்பு தாங்காமல் போனார். குடலைக் கழுவும் மருந்தோடு தேநீர் குடிக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். இவர் எதற்கும் இருக்கட்டுமென்று, தன் தேநீரை வண்டலோடு கெண்டி கெண்டியாகக் குடித்துவிட்டார்.

குழாய் விட்டுப் பார்த்தால், குடல் சுவரெங்கும் பச்சைப் பூச்சு. மருத்துவர் தண்ணீர் பீய்ச்சினார். ஓரிடம் வெளுத்தால் மறுநொடி மூடிக்கொண்டது.

"இன்னிக்கு ஒண்ணும் தெரியல. அடுத்த வாரம் வாங்க. வெறும் தண்ணிதான், தேநீர் கூடாது."

"இனி அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றார் எய்ஜி வீட்டுக்கு வந்ததும்.

ஆலையில் ஒரே கேலி. "அண்ணே, வயித்துக்குள்ளயே தோட்டமாமே! முதல் பறிப்பு எப்போ?"

இதைக் கேட்டு ஷிகெனோவும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் மறுநாள் தேயிலை டப்பாவைக் காணோம். கெண்டியையும் காணோம்.

"எங்கடி வச்சே?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க, தானா வந்துடும்."

"நான் போகலேன்னா?"

எப்போதும் சுடச்சுடப் பதில் வைத்திருப்பவள் வாய் திறக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது. அவள் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். அந்த மௌனத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வாரம் முழுக்க வெந்நீர் குடித்தார். முனகிக்கொண்டே போனார்.

இந்த முறை சுவர் துலக்கமாகத் தெரிந்தது. ஒரு மடிப்புக்குப் பின்னால் சிவந்த கட்டி. கம்பிச் சுருக்கால் அறுத்தெடுத்தார்கள். நுனியில் புற்று தொடங்கியிருந்தது, வேர்வரை இறங்கவில்லை.

அடுத்த வசந்தத்தில்தான் ஷிகெனோ சொன்னாள். முதல் நாளே, தண்ணீர் விலக்கிய ஒரு நொடியில் மருத்துவர் அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டார். இப்படிப்பட்ட சேதியை அப்போதெல்லாம் வீட்டாரிடம்தான் முதலில் சொல்வார்கள். அவளைத் தனியே அழைத்து, "அவருகிட்ட சொல்லாதீங்க, பயந்து வராமப் போயிடுவாரு" என்றிருக்கிறார். தோட்டக் கேலிக்கு அவள் சிரித்தபோதே அவளுக்குத் தெரியும்.