கார்த்திகையை மறைத்த யானை

மகள் புதிதாக வாங்கிய பைனாகுலரின் தோலுறை வாசம் என்னைச் செண்பகத்தோப்புக்குக் கொண்டுபோனது. எண்பதுகளின் கடைசியில் அப்பா அங்கே வனக்காவலர். எனக்குப் பத்து வயது. வாசலில் உட்கார்ந்து அவருடைய பைனாகுலரில், மலைமேல் இறங்கிக்கொண்டிருந்த கார்த்திகை நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் முப்பதுக்கு மேல் மின்னின. திடீரென்று எல்லாம் மறைந்தன.

நிமிர்ந்தேன். வேலிக்கு அப்பால் யானை நின்றது. அதன் பின்னே காட்டுப்பாதையில் அப்பாவின் டார்ச் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

“ஏட்டி, கத்தாத. இங்கிட்டுத் திரும்பிரும்” என்று அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அவள் கையைத் தள்ளிவிட்டு, “அப்பா, வராதீய! யானை நிக்கி!” என்று அலறினேன்.

டார்ச் அணைந்தது. யானை எங்கள் பக்கம் திரும்பியது. அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். வெளியே வேலி முறிந்தது.

விடிந்தபிறகுதான் அப்பா வந்தார். சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றப்போய் மூன்று முறை தவறவிட்டார். நான்தான் கழற்றிவிட்டேன்.