மழைக்குப் பிறகு கூவிய சேவல்

சேவல் மாதிரி கூவத் தெரிந்ததை ஒரு திறமை என்று நம்பித் திரிந்த முட்டாள் நான். பாடத் தெரிந்தவனுக்குக் கோயில் திருவிழாவில் மைக் கிடைக்கும். தப்பு அடிக்கத் தெரிந்தவனுக்குக் காமன் கூத்தில் இடம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்களின் திட்டு மட்டும்தான். விடிவதற்கு முன்னால் நான் ஒரு தடவை கூவிவிட்டால், நேரமாகிவிட்டதென்று நாலு வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்கள். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்த மலையில் பால் வெட்டியவன் கீழ்க் கிராமத்துச் சிங்களவன். அவனுடைய தமிழில் பாதி சிங்களம், என்னுடைய சிங்களத்தில் பாதி தமிழ். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பேச்சு வந்துவிடும். எங்களைச் சேர்த்துவைத்தது பேச்சு அல்ல, காட்டுக்கோழி.

தை பிறந்து கொஞ்ச நாளில் ரப்பர் இலை சிவந்து கொட்டத் தொடங்கும். இலை போனால் பால் குறையும், பால் குறைந்தால் வேலையும் குறையும். மலை முழுக்கச் சருகு. காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம். அந்தச் சருகைக் கிளறிப் பூச்சி தின்னத்தான் காட்டுக்கோழி ஓரக் காட்டிலிருந்து இறங்கி வரும். எங்கே கிளறுகிறது என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம்.

துப்பாக்கி கிடையாது. அந்தச் சொல்லையே ஒரு தமிழன் வாயில் வைக்கப் பயந்த காலம் அது. எங்களிடம் இருந்தது நைலோன் கண்ணியும், அவனுடைய சேவலும்தான்.

அந்தச் சேவல் அவன் வீட்டுக் கோழிக்கும், வேலி தாண்டி வந்த ஒரு காட்டுச் சேவலுக்கும் பிறந்தது. காட்டுச் சேவலின் சிவந்த கொண்டைக்கு நடுவே மஞ்சள் இருக்கும். இதற்கும் ஒரு பொட்டு மஞ்சள் இருந்தது. கால் மட்டும் அம்மா மாதிரித் தடித்த கால். கூவல்தான் வேடிக்கை. ஊர்ச் சேவல் மாதிரி 'கொக்கர' என்று தொடங்கி, காட்டுச் சேவல் மாதிரி 'ஜொய்யோக்' என்று வெட்டி முடிக்கும். அதைக் குஞ்சிலிருந்து கையில் சோறு வைத்து வளர்த்தவன் அவன். பிரம்புக் கூடையில் வைத்துப் பழைய சாரத்துணியால் மூடிக்கொண்டு வரும்போது வழி நெடுக அதோடுதான் பேசுவான். என்னோடு பேசியது குறைவு.

வேலை இப்படி. சருகுக்கு நடுவில் ஒரு முளை அடித்துச் சேவலின் காலைக் கயிற்றால் கட்டுவோம். அதைச் சுற்றிக் கண்ணி. நாங்கள் புதருக்குள் படுத்துக்கொள்வோம். சேவல் கூவும். தன் இடத்தில் இன்னொருவன் கூவுவதைக் காட்டுச் சேவலால் தாங்க முடியாது. சண்டைக்கு வரும், கண்ணியில் கால் மாட்டும். நம்ம சேவலுக்கு ஒரு கீறல் விழுவதற்குள் அவன் பாய்ந்துவிடுவான். பேடு மாட்டினால் அவிழ்த்து விட்டுவிடுவான். கழுத்தை அறுக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் "பவ்" என்பான், பாவம் என்று. பிறகு கறியில் முதல் துண்டை அவன்தான் எடுப்பான்.

பங்குனி முடிவில் புதுத் துளிர் விட்டு, முதல் மழையும் விழுந்தால் எல்லாம் மாறிவிடும். சருகு நனைந்து பாய் மாதிரி படிந்துவிடும், கிளறுகிற சத்தம் கேட்காது. கீழ்ச்செடி இடுப்புக்கு வளர்ந்துவிடும். அட்டை ஆயிரம். பேடு முட்டையில் உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் குஞ்சோடு திரியும். அந்த முதல் மழையன்றே அவன் கண்ணிகளைச் சுருட்டி ஒரு தகரத்தில் போட்டுக் கூரையில் செருகிவிட்டான்.

"ஹரி மச்சாங். இனி எப்பா. குஞ்சுக் காலம்."

"ஒரு நாள் மட்டும் போவோமே."

"எப்பான்னா எப்பா." வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சித்திரை வருஷப் பிறப்புக்கு என் மனைவியின் சொந்தக்காரர்கள் ஓப்பநாயக்கவிலிருந்து வருவதாக இருந்தது. அவர்களிடம் போன தீபாவளிக்கே நான் வாயை விட்டிருந்தேன், வந்தால் காட்டுச் சேவல் கறி என்று. வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் போகும்.

"கோழி இல்லாட்டிக் கருவாடு வச்சுக்கலாங்க" என்றாள் மனைவி. "அதுக்காக யாரும் ஒங்கள அடிக்க மாட்டாங்க."

"என் மானம் போயிரும்."

"அது எப்ப இருந்துச்சு?"

வருஷத்துக்கு அவன் குடும்பத்தோடு ரம்புக்கனைக்கு அந்தப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போனான். போகும்போது சேவலை என்னிடம்தான் விட்டுப்போனான். "அரிசி போடு, தண்ணி வை. வேற ஒண்ணும் செய்யாத" என்றான். வேற ஒன்றைத்தான் செய்தேன். மறுநாள் காலையில் கூடை என் தோளில்.

தூறல். உர பேக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புதருக்குள் படுத்தேன். கண்ணி என்னுடையது, அவசரமாகப் பின்னியது. சேவல் நனைந்து ஒரு காலில் நின்றது. கூவவில்லை. நான் கூவிக் காட்டினேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பேடு வந்தது, பின்னால் குஞ்சுகள். நனைந்த இலைக்குள் அவை போவது எலி ஓடுவது மாதிரித் தெரிந்தது. அப்போதாவது எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஒரு அட்டை நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் ஏறி, எழுதக் கூடாத இடத்தில் பிடித்துக்கொண்டது. இழுக்க இழுக்க ரப்பர் மாதிரி நீண்டதே தவிர விடவில்லை. சுண்ணாம்பு தேய்த்தால் விழும். சுண்ணாம்பு டப்பா, கீழே ஓடையருகே கழற்றிப் போட்ட பைக்குள் இருந்தது. சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குரங்கு மாதிரிக் குதித்துக்கொண்டு இறங்கினேன். அதை இன்றைக்கும் நான் சொல்லிச் சிரிக்க வைப்பேன். சிரிப்பு அங்கேயே முடிந்துவிடுகிற மாதிரிச் சொல்வேன்.

திரும்பி வந்தபோது கீரி வேலையை முடித்துவிட்டுப் புதருக்குள் நழுவிக்கொண்டிருந்தது. சிறகு சுற்றிலும் கிடந்தது. மஞ்சள் பொட்டுக் கொண்டை சேற்றில். பறந்திருந்தால் தப்பியிருக்கும், பாதி காட்டுச் சேவல் அல்லவா, பறக்கத் தெரியும். கயிறு விடவில்லை. காலில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. என் வாழ்க்கையில் உருப்படியாகப் போட்ட ஒரே முடிச்சு.

முளைக்குப் பக்கத்திலேயே தோண்டிப் புதைத்தேன். விருந்துக்குக் கருவாடு வைத்தோம். நன்றாகத்தான் இருந்தது என்றார்கள்.

அவன் வந்து இறங்கியதும் கவுங் பலகாரத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சேவலைத்தான் கேட்டான்.

"காட்டோரமா மேயட்டும்னு கட்டியிருந்தேன் மச்சான். கயிறு அறுந்துருச்சு. ஒரு பேட்டோட போயிருச்சு."

அவன் என்னைப் பார்த்தான். திட்டுவான், அடிப்பான் என்று நின்றேன். அவன் சிரித்துவிட்டான்.

"தாத்தா மாதிரியே" என்றான். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. "அவனும் வேலி பாஞ்சவன்தானே."

அந்தச் சிரிப்புக்கு அடியே மேல்.

மறுநாளிலிருந்து அவன், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு முன்னாலேயே வந்து, காட்டோரத்துப் பாறையில் அரிசி தூவி, "பா... பா... பா..." என்று கூப்பிடத் தொடங்கினான். மழையில் மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது, காயும்வரை எல்லோரும் சும்மாதான் இருப்போம். அந்த நேரம் முழுக்க அவன் பாறையில் நின்றான். நனைந்த சட்டையோடு அவன் கூப்பிடுகிற சத்தம் லயம் வரைக்கும் வரும். என் மனைவி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "பாவம் அந்த மனுசன்" என்பாள். நான் கோப்பையை வாங்கித் தரையில் வைத்துவிடுவேன்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. முட்டாளுக்கு யோசனை வருவதுதான் ஆபத்து. உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை, ஆறுதலாவது கொடுக்கலாமே என்று மேல் பாதையால் சுற்றிப்போய்ப் பாறைக்கு மேலே காட்டுக்குள் உட்கார்ந்து, அவன் கூப்பிட்டதும் கூவினேன். 'கொக்கர' என்று தொடங்கி 'ஜொய்யோக்' என்று வெட்டினேன்.

அவன் கையில் இருந்த அரிசி அப்படியே நின்றது. பிறகு பாறையில் குந்திவிட்டான். அன்றைக்குப் பெரட்டில் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"இருக்கு மச்சாங். உசுரோட இருக்கு. பதில் சொல்றான்."

"நான்தான் சொன்னேனே" என்றேன்.

ஒரு நாளோடு முடியும் என்று நினைத்தேன். செத்த சேவலின் வேலைக்கு ஞாயிறு லீவு கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. அவன் கூப்பிட, நான் கூவ, மழை என் முதுகில் இறங்க, அட்டை எனக்குப் பழகிப்போனது. ஒருவன் நல்ல சாதிக் குஞ்சு ஒன்று கொடுக்க வந்தபோதுகூட, "என்னோட சேவல் இருக்கு" என்று அவன் திருப்பி அனுப்பிவிட்டான். அதைக் கேட்டபிறகு கூவும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சளி பிடித்தது. ஒரு காலையில் 'கொக்கர'வுக்கும் 'ஜொய்யோக்'குக்கும் நடுவில் இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இலைக்குள் முகத்தைப் புதைத்தேன். கீழே அவன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு வழக்கம்போல அரிசியைத் தூவிவிட்டுப் போய்விட்டான். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவனுக்குச் சேவல் மேல் பாசம் கூடிவிட்டது. முன்னெல்லாம் ஓரிரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போகிறவன், இப்போது பெரட்டு மணி அடிக்கிற வரைக்கும் விடாமல் கூப்பிட்டான். மழை வலுத்தால் இன்னும் உரக்கக் கூப்பிட்டான். ஒரு நாள் நான் களைத்துப்போய்ச் சும்மா இருந்தபோது, "கூவு மகன், கூவு" என்று கெஞ்சினான். கூவினேன். தொண்டை கிழிந்தது. இவ்வளவு பாசமா ஒரு மனிதனுக்கு என்று எனக்கே கண் கலங்கியது.

பிறகு ஒரு காலை அவன் அந்தப் பழைய பிரம்புக் கூடையோடு வந்தான். பாறையில் வைத்துத் திறந்தான். உள்ளே ஒரு வெடைக்கோழி, இன்னும் முட்டையிடாதது, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது.

"மகன், தனியா இருக்காத. இவளையும் வச்சுக்க" என்று காட்டைப் பார்த்துச் சொன்னான். பையிலிருந்து கயிற்றை எடுத்தான். சுற்றிப் பார்த்துவிட்டு, சரியாக அந்த இடத்துக்கே போனான், பாறைக்குக் கீழே நான் முளை அடித்துப் பிடுங்காமல் விட்ட இடத்துக்கு. கீரி அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை, போன வாரமும் அதை நான் பார்த்திருந்தேன். அவன் குனிந்து வெடையின் காலில் கயிற்றைச் சுற்றினான்.

கூவிப் பார்த்தேன், அவன் நிமிர்ந்தாவது பார்க்கட்டும் என்று. பார்க்கவில்லை. முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கட்டாத மச்சான்" என்று கத்திக்கொண்டு செடியைப் பிடித்துச் சறுக்கி அவன் காலடியில் வந்து விழுந்தேன். கயிற்றை அவிழ்த்துக் கோழியைத் தூக்கி மார்போடு பிடித்துக்கொண்டேன். அது என் சட்டையை நாசமாக்கியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கீரியை, அட்டையை, என் முடிச்சை, எங்கே புதைத்தேன் என்பதை. இருமிக்கொண்டே சொன்னேன். வழக்கமாக நான் பேசினால் நடுவில் ஒரு நக்கலாவது வரும். அன்றைக்கு வரவில்லை.

அவன் கோழியை என் கையிலிருந்து வாங்கிக் கூடைக்குள் வைத்து மூடினான். முகத்தில் ஆச்சரியம் இல்லை. 

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இறங்கிப் போகிற போக்கில் சொன்னான்:

"சேவல் இருமாது மச்சாங்."