நூற்றுப் பதினெட்டு

"கையெழுத்தைப் போடு, நாளைக்குப் படகு கிளம்பணும்..."

"கணக்கு இடிக்குதுன்னு சொல்றேன்ல..."

"உனக்கு எந்த எஞ்சின்தான் இடிக்கலை?"

கட்டிய கதையாக இருந்தால் பேய் இரவில் வந்திருக்கும். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

எஞ்சின்களைச் சோதித்துச் சான்று தருபவள் மனைவி. பயணிகள் படகு ஓட்டுபவர் கணவர். மலிவாகக் கிடைத்த பழைய பெட்ரோல் எஞ்சினை அவளுடைய சோதனை மேடையில் ஏற்றியிருந்தார்.

"இங்க பாருங்க. சிலிண்டருக்குள்ள உண்டாகுற பலத்துல கொஞ்சத்தை உராய்வு தின்னுடும். மிச்சம்தான் சுத்துற தண்டுல வெளிய வரும். நூத்துக்கு எண்பது வந்தா நல்ல எஞ்சின். இதுக்கு நூத்துப் பதினெட்டு!"

"உராய்வுக்கு இன்னிக்குப் பசியில்ல போல."

"சிரிக்காதீங்க. நாப்பது பேரை ஏத்தப் போறீங்க."

மறுபடியும் சோதித்தாள். ஒரு சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றினால் எஞ்சின் தொய்யும். எவ்வளவு தொய்கிறதோ, அதுதான் அந்தச் சிலிண்டரின் பங்கு. நான்கையும் கூட்டினால் உள்ளே உண்டாகும் பலம்.

முதல் வயரைக் கழற்றினாள். தொய்ந்தது. மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றினாள். தொய்ந்தது.

மூன்றாவது...

மீட்டர் முள் அசையவே இல்லை.

"மூணாவது செத்துக் கிடக்குதா?"

"ஆமா. ஆனா அதோட வேலை மட்டும் நடக்குதே... யார் செய்றா?"

பெட்ரோலை அடைத்தாள். நான்கு வயர்களையும் பிடுங்கினாள்.

சத்தம் அடங்கியது.

தண்டு அடங்கவில்லை.

டக்... டக்... டக்...

முன்பக்கம், எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியைச் செருகும் துளை காலியாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். எஞ்சின் கொதித்தது. அந்த இடம் மட்டும் சில்லென்று... ஈரமாக...

கணவர் விற்றவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நடு ஆத்துல மூணாவது சிலிண்டர் போயிடுச்சுங்க. படகுல தண்ணி ஏறுது. என் தம்பிதான் கைப்பிடியைப் போட்டுச் சுத்திக்கிட்டே இருந்தான். ஆளுங்க எல்லாம் கரையேறிட்டாங்க. அவன் மட்டும் குனிஞ்ச தலை நிமிரலை... முழுகிட்டான். அப்புறம் எடுத்தப்போ விரல் பிரியலைங்க. கைப்பிடியோடதான் புதைச்சோம்."

போன் அணைந்தது.

டக்... டக்...

"கையெழுத்து வேணாம்மா. வா, போயிடலாம்."

அவள் போகவில்லை. காலித் துளையருகே குனிந்தாள்.

"தம்பி... எல்லாரும் கரையேறியாச்சுப்பா. கையை விடு."