நல்லம்மாள் தேர்ந்தெடுத்த மீன்கள்

எங்கள் தாமான் குடியிருப்பில் நல்லம்மாள் அக்காவின் முகத்தைவிட அவருடைய அழுகுரல்தான் பிரபலம். வரிசை வீடுகளுக்கு நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர். அக்காவின் புருஷன் பத்துமலை, கல்லுடைக்கும் கல்மலையில் லோரி ஓட்டிவிட்டு வந்து இடுப்பு வாரைக் கழற்றினால், பக்கத்து வீட்டில் என் தட்டுகள் அலமாரியில் ஆடும். அவனுக்கு மரியாதை போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும், பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறி லயத்து வீடுகளை இடித்தபோது, கட்டியவனோடு சிம்பாங் பூலாய்க்கு வந்தார். பகலெல்லாம் கையுறைத் தொழிற்சாலையில் நின்று வேலை. வீட்டுக்கு வந்தாலும் நிற்பதுதான் வேலை. பெண்கள் கடைசியாகச் சாப்பிடுவது அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்த பழக்கம். பத்துமலை அதற்கு மேல் ஒரு சட்டம் போட்டான். அவன் தின்று முடிக்கும்வரை அக்கா மேசைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவனுக்கு மனசு சரியில்லாத நாளில், மிச்சச் சோற்றில் தண்ணீரை ஊற்றி வெளியே நாய்க்குக் கொட்டிவிட்டுப் படுக்கப் போவான். அக்கா பசியோடு பாத்திரம் கழுவுவார். மூத்தவள் தினேஸ்வரி அதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் கிள்ளானுக்கு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மகன் ரூபன் வேறு விதம். அம்மா அடி வாங்கும்போது மீன் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருப்பான். ஹாலில் பெரிய கடல்மீன் தொட்டி. கடலுப்பு கலந்த தண்ணீர், பவளம், நீல விளக்கு. பத்துமலைக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கமும் பேச்சும் போன வருஷம், ரூபனுக்கு ஜோகூருக்கு மாற்றல் வந்தது. அப்பனையும் தொட்டியையும் அம்மா தலையில் கட்டிவிட்டுப் புறப்பட்டான். ஒரு மழை நாளில் நெடுநேரம் மின்சாரம் போய், இருந்த மீன்கள் எல்லாம் செத்தன. பவளம் மட்டும் பிழைத்தது.

“கூட்டமா போற சின்ன மீனா வாங்கிப் போடுங்கம்மா. அப்பா பாத்துக்கிட்டு இருந்தா மனசு அமைதியா இருக்கும்” என்று ரூபன் போனில் சொன்னான். அப்பாவின் மன அமைதி! எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் அக்காவை என் காரில் ஏற்றிக்கொண்டு ஈப்போவில் தாவூத் அண்ணன் கடைக்குப் போனேன். அவர் இரண்டு வகை காட்டினார். கார்டினல் என்பது கோடு போட்ட மீன், நின்ற இடத்திலேயே கூட்டமாக நிற்கும். குரோமிஸ் இளம்பச்சைப் பட்டுத் துணி மாதிரி மின்னிக்கொண்டு ஒன்றாகத் திரும்பும், ஒன்றாக ஓடும். “குரோமிஸ் சில நேரம் ஒண்ணையொண்ணு கொத்தும்க்கா” என்று தாவூத் அண்ணன் சொல்லத்தான் செய்தார். அழகுக்கு முன்னால் யார் காதில் விழுகிறது? அக்கா குரோமிஸையே கை காட்டினார்.

கொஞ்ச நாள் கண்கொள்ளாக் காட்சியாகத்தான் இருந்தது. பிறகு கூட்டத்தில் ஒன்றை மட்டும் மற்றவை விரட்டத் தொடங்கின. அது பம்புக்குப் பின்மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. வால் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. தீனி போடும்போது மெல்ல எட்டிப் பார்க்கும். எல்லாம் சேர்ந்து கொத்தித் திரும்ப மூலைக்கே துரத்தும்.

அப்படியொரு மத்தியானம் நான் அங்கே இருந்தேன். தொட்டிக்கு முன்னால் சக்கர நாற்காலியில் பத்துமலை. தீனி விழுந்தது, மூலையில் இருந்தது வெளியே வந்தது, அடி வாங்கியது. பத்துமலை “ங்ஙா… ங்ஙா…” என்று இடது கையால் நாற்காலியைத் தட்டினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மருந்து கொடுக்க வந்த தாதி, “அங்கிள் மீன பாத்து சந்தோஷப்படுறாருலா” என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. மீனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி மீனைப் பார்த்தார். அந்த மீனுக்காக இரக்கப்பட்டு அவன் அழுதிருக்க மாட்டான், அவனை எனக்குத் தெரியும். வாய் திறந்து கேட்க முடியாமல், யாராவது ஊட்டுவார்களா என்று காத்துக் கிடக்கிறவனுக்கு அந்த மூலை எது என்று புரிந்துவிட்டது, அவ்வளவுதான். அவன் தலையை மெல்ல வேறு பக்கம் திருப்பினான். அக்கா எழுந்து போய் நாற்காலியையே திருப்பி, அவன் முகம் தொட்டிக்கு நேராக வரும்படி நிறுத்தினார்.

அந்த மீன் செத்ததும் வலையில் எடுத்து அவன் மடிக்கு நேரே பிடித்துக் காட்டினார். அதோடு முடிந்தது என்று நினைத்தால், மற்றவை அடுத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டன. பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக மூலைக்குப் போய், கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கொழுகொழுவென்று தொட்டி முழுவதும் தனக்கென்று திரிந்தது. விரட்ட ஆள் இல்லாததால் வீட்டில் அமைதி வந்தது. பத்துமலையும் மத்தியானங்களில் அழாமல் தூங்கத் தொடங்கினான்.

அக்கா என்னிடம் வந்து, “புஷ்பா, மீன் கடைக்குப் போலாமா?” என்றார்.

முன்பே ஒருநாள் ரூபன் வீடியோ காலில் அப்பன் அழுவதைப் பார்த்திருக்கிறான். இந்தத் தடவை சாதுவான மீனாகக் கொடுங்கள் என்று கடைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டான். நாங்கள் போனபோது தாவூத் அண்ணன் கார்டினல்களைத் தனித்தொட்டியில் ஒதுக்கி வைத்திருந்தார்.

“இது சண்டை போடாதுக்கா. சாகுற வரைக்கும் ஒண்ணா நிக்கும். அண்ணனுக்கு நல்லது” என்றார்.

அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அந்த மீன்களை வாங்கினால் அவன் பாடு சுகம். மிச்சக் காலத்தை நிம்மதியாக நீல வெளிச்சத்தைப் பார்த்தபடியே கழித்துவிடுவான். வாங்க வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

“இதுங்க சும்மாவே நிக்குமா?”

“சும்மாவே நிக்கும்.”

“அப்ப வேணாண்ணே. அந்தப் பச்சையவே குடுங்க.”

தாவூத் அண்ணனுக்கு முகம் மாறியது. “யக்கா, நான் வியாபாரிதான், இருந்தாலும் சொல்றேன்லா. உங்க தொட்டியில பழசு ஒண்ணு தடியா இருக்குன்னு ரூபன் சொன்னாரு. புதுசு போட்டா சும்மா விடாது. மறுபடி அதே கதைதான்.”

“தெரியும்ணே.” அக்கா விரலால் கண்ணாடியைத் தொட்டார். “அந்தா, ஓரத்துல இருக்கு பாருங்க, வால் கடிபட்டது. அதையும் சேத்துப் போடுங்க.”

“அது மொதல்ல செத்திரும்க்கா.”

“போடுங்கண்ணே.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வெளியே ரோட்டைப் பார்த்தேன். அவர் வலையை எடுத்துப் பிடித்துக் கொடுத்தார்.

காரில் பை அக்கா மடியில் இருந்தது. வால் கடிபட்ட அந்தச் சின்னது அடியில் தனியாக நின்றது. பாழாய்ப்போன மனசு, எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அந்த மீனு என்னாக்கா பாவம் செஞ்சிச்சு?”

“இத்தன வருஷமா நானும் அப்படித்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்” என்றார் அக்கா.

வீட்டுக்குள் பையைக் கண்டதுமே பத்துமலை தட்டத் தொடங்கிவிட்டான். அக்கா அவசரப்படவில்லை. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மீன்களை ஒவ்வொன்றாக விட்டார். பழையது ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. நேரே போய்ச் சின்னதைத்தான் கொத்தியது. சின்னது பம்புக்குப் பின்மூலைக்கு ஓடியது. அந்த இடத்தை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

அக்கா நாற்காலியைத் தொட்டிக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளினார். தீனி போட்டார். பிறகு சமையலறைக்குப் போய்ச் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஒரே ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து, அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். அவன் வாயைத் திறந்தான். அக்கா பிசைந்து, முதல் கவளத்தைத் தன் வாயில் வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரசித்து, முள்ளை உறிஞ்சி, நிதானமாகச் சாப்பிட்டார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. எனக்கு அது இனித்தது. கூடவே, எழுந்து போய் அவனுக்கு ஒரு கவளம் ஊட்டிவிடலாமா என்றும் இருந்தது.

“பசிக்குதா?” என்றார் அக்கா. அவருடைய குரல் அவ்வளவு மென்மையாக இருந்து நான் கேட்டதில்லை. “அந்தா மூலையில நிக்குதே, அதுக்குந்தான் பசிக்குது. பாத்துக்கிட்டு இருங்க. நான் சாப்பிட்டு முடிச்சிட்டு வாரேன்.”