தேவானையின் கைராசி

எங்கள் மயிலாப்பூர் தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் காயத்தைக் கழுவலாம், மருந்து வைத்துக் கட்டலாம். தையல் மட்டும் டாக்டர் துரைராஜின் வேலை. ஆனால் அவர் தையல் சாக்குப்பையைத் தைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தே, என்னோடு நர்ஸாக இருந்த தேவானை தையல் போடக் கற்றுக்கொண்டாள். தன் கைமேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

1943இல் ஒரு மத்தியானம் நொச்சிக்குப்பத்து மீனவன் அம்மாசி வந்தான். வலையிலிருந்து கெளுத்தி மீனைப் பிரிக்கும்போது முள் ஏறிச் சுட்டுவிரல் கிழிந்திருந்தது. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். அரை மணியில் வந்துவிடுவார். தேவானை காத்திருக்கவில்லை. அவசரமாகக் கழுவி, அழகாக நாலு தையல் போட்டு அனுப்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் விரல் வீங்கிக் கறுத்துவிட்டது. டாக்டர் தையலைப் பிரித்தார். உள்ளே முள்ளின் நுனி இருந்தது. விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. தேவானையின் வேலை போய்விடக் கூடாதென்று, தானே தைத்ததாக டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவளும் சும்மா இருந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வருவது இங்கேதான்.

முள் விஷயம் தெரியாமல் குப்பத்தில் பேச்சு வேறு மாதிரிப் பரவியது. சிஸ்டர் கைராசிக்காரி, டாக்டர்தான் பிரித்துக் கெடுத்துவிட்டார் என்றார்கள். அம்மாசி வாராவாரம் சங்கரா மீனோ வஞ்சிரமோ ஓலையில் சுற்றிக் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பான். டாக்டரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பான் என்று பயந்து தேவானை வாங்கிக்கொள்வாள். "வெட்கங்கெட்டவள்" என்று தன்னையே திட்டிக்கொண்டு குழம்பு வைப்பாள். அதைச் சாப்பிடவும் செய்வாள். எல்லாம் தெரிந்த நானும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் அம்மாசி தன் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பாட்டில் சில்லு குத்திப் பாதம் பிளந்திருந்தது. டாக்டர் கை நீட்டியதும் அவன் பின்னால் நகர்ந்தான்.

"அவரு வாணாம். நீயே தைம்மா. இல்லாங்காட்டி வூட்டுக்கு இட்டுக்கினு போறேன்."

ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இன்னும் எத்தனை சில்லு இருக்கிறதோ, தேவானைக்குத் தெரியவில்லை. அவள் ஊசியைத் தொடவில்லை.

"உன் விரல் போனது என்னாலதான், அம்மாசி. முள்ளை உள்ளே விட்டுட்டு நான்தான் தைச்சேன். டாக்டர் என்னைக் காப்பாத்தினாரு. புள்ளைய அவர்கிட்ட குடு."

அம்மாசி மகளை மேசையில் கிடத்தினான். டாக்டர் இரண்டு சில்லுகளை எடுத்துவிட்டுத் தைத்து முடிக்கும்வரை அவன் மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவன் தேவானையைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு வருசமா நான் குட்த்த மீனை எப்பிடிம்மா துன்ன?"