அந்தோணிராஜ் கேட்ட சத்தம்

அந்தோணிராஜிடம் வண்டியை விட்டவர்களில் பாதிப் பேர் அவர் கையால் அடி வாங்கியவர்கள். மீதிப் பேர் இனிமேல்தான் வாங்க வேண்டும். ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு மேலே பார்த்து யோசித்த ஒரு வாத்தியாரை ஃபேன் பெல்ட்டால் விளாசியிருக்கிறார். அந்த வாத்தியார் மறுவாரமும் அதே பட்டறைக்குத்தான் வந்தார். வேறு போக்கிடம் ஏது? பழைய டீசல் இன்ஜினில் எங்கே என்ன சத்தம் என்று கேட்டுச் சொல்ல திண்டுக்கல்லில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

நீளமான திருப்புளியின் முனையை இன்ஜின்மேல் வைப்பார், பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். சொன்னால் சொன்னதுதான். ஐம்பத்து மூன்று வயதுக்குள் இரண்டு முறை மூக்கும் ஒரு முறை தாடையும் உடைந்து கோணிப்போன முகம். காது மட்டும் பழுதில்லை என்று அவரே பீற்றிக்கொள்வார்.

போன ஐப்பசியில் அன்புமணி தன் வேனோடு வந்தான். வேடசந்தூர் மில்லுக்கு ஆள் ஏற்றுகிற பதினெட்டு வருஷத்து வண்டி. ஓட்டுகிறவன் சங்கிலி. காலையில் ஆயில் அளவு பார்க்காமல் சாவி போடமாட்டான். ஆக்சிலேட்டரை மிதித்தால் அடியிலிருந்து 'டங் டங்' என்று இடிக்கிறது என்றான்.

அன்று அந்தோணிராஜ் காலையிலேயே ஒருவனோடு மல்லுக்கு நின்று, கிழிந்த உதட்டோடு இருந்தார். திருப்புளியை வைத்த அரை நிமிஷத்தில் பேரிங் போச்சு என்றார். ஒரு தடவை கழற்றிப் பார்க்கலாமே என்று சங்கிலி தயங்கியபடி கேட்டான். அது போதாதா?

"எங் காதுக்கே பாடம் எடுக்குறியாடா?" என்று பாய்ந்தார். "ஆயில் இல்லாம ஓட்டிப் பேரிங்கத் தேச்சிருக்கான்யா இவன்," என்று அன்புமணியிடம் சொன்னார்.

அன்புமணி ஜாக்கி ராடை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்கச் சங்கிலி இடது கையை நீட்டினான். மணிக்கட்டு முறிந்தது பட்டறை முழுக்கக் கேட்டது. விழுந்தவனை அன்புமணி வயிற்றிலேயே மிதித்தான். அந்தோணிராஜ் டீ குடித்துக்கொண்டே பார்த்தார். தப்புச் செய்தவன் வாங்குகிறான் என்றுதான் நினைத்தார், தடுக்கத் தோன்றவில்லை. வாயில் ரத்தம் ஒழுக எழுந்த சங்கிலி, ஆட்டோ பிடித்துத் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனான். கியர் போடுகிற கை அது.

மறுநாள் காலையில் இன்ஜினைப் பிரித்தார். பேரிங் எல்லாம் புதுசு மாதிரி பளபளத்தது. ஆயிலும் அளவு குறையாமல் இருந்தது. கியர் பாக்ஸை இறக்கினார். கிளட்ச் மூடிக்குள், இன்ஜினோடு சுழலும் பிளைவீல் சக்கரத்துக்குப் பக்கத்தில், கட்டுக்கம்பியோடு சிக்கிக் கிடந்தது நசுங்கிய செம்புத் தாயத்து ஒன்று. அந்தச் சக்கரம் சுற்றும்போதெல்லாம் அதில்தான் இடித்திருக்கிறது.

அதைப் பார்த்ததும் அன்புமணி அடையாளம் கண்டுகொண்டான். ஆயுத பூஜையன்று வண்டிக்கு அடியில் படுத்து அவனே கட்டியது. கம்பி தளர்ந்து மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது. போட்டி வேன்காரன் கண் படாமலிருக்க நத்தத்தில் மந்திரித்து வாங்கியிருக்கிறான். கட்டுவதை யாரும் பார்க்கக் கூடாதாம், அதனால் சங்கிலிக்குக்கூடச் சொல்லவில்லை.

"நல்லவேளைண்ணே, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. தாயத்து காப்பாத்திருச்சு," என்று சிரித்தான்.

சிரித்த வாயிலேயே குத்தினார் அந்தோணிராஜ். முன்பல் இரண்டு தெறித்தன. பிடரியைப் பிடித்து வேனின் பக்கவாட்டில் மோதினார், மறுபடியும் மோதினார். தகரம் குழிந்தது. அடிக்க அடிக்க ஆத்திரம் ஏறியதே தவிர இறங்கவில்லை. தானும் சேர்ந்து வாங்க வேண்டிய அடி அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டயர் கடைக்காரர்கள் நான்கு பேர் வந்துதான் பிரித்துவிட்டார்கள்.

ரத்தக் கையைக்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். சங்கிலிக்கு முழங்கைவரை மாவுக்கட்டு. கை பழையபடி கியர் பிடிப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்தோணிராஜ் தாயத்தைப் பற்றிச் சொன்னார். அன்புமணியின் பல்லை உடைத்ததையும் சொன்னார், அதைக் கேட்டாவது சங்கிலியின் மனசு ஆறாதா என்று. வேண்டுமானால் நீயும் என்னை அடி என்று கன்னத்தைக் காட்டிக் குனிந்தார்.

சங்கிலி கையை ஓங்கவில்லை.

"மொதலாளி வேற எடத்துக்குத்தான் போகச் சொன்னாருண்ணே. அந்தோணியண்ணன் தப்பாச் சொல்ல மாட்டாருன்னு நாந்தான் ஒங்ககிட்டக் கொண்டாந்தேன்," என்றான்.